ஏழாம் ஆண்டுக்குப் பின் யார் பொறுப்பு?

சாலை விபத்துச் செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் உண்டு: "பிரேக் பிடிக்காததால் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது." இலக்கணக் கண்ணோடு பார்த்தால் இத்தொடரில் மனிதர் எவரும் இல்லை. பிடிக்க மறுத்தது பிரேக். கட்டுப்பாட்டை இழந்தது வாகனம். அந்தப் பிரேக்கை வடிவமைத்தவர், அதைச் சோதித்திருக்க வேண்டியவர், சோதிப்பதற்கான விதியை வகுத்திருக்க வேண்டியவர் ஆகிய மூவரும் தொடருக்கு வெளியே நிற்கிறார்கள். இந்தப் பதிவு அந்த மூவரைப் பற்றியது. எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது: காரின் அடிவயிற்றில் முன்னிருந்து பின்னாக ஓடும், பென்சிலைவிட மெல்லிய ஓர் எஃகுக் குழாய்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரு மெதுவாக வேலை செய்யும் பழுது. அது வெளிப்பட ஏழு, எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம். நம் நாட்டில் குறைபாடுள்ள வாகனங்களைக் கட்டாயமாகத் திரும்பப் பெறும் விதி, ஏழு வயதுக்கு உட்பட்ட வாகனங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தனியார் காரை அரசு முதன்முறையாகத் தகுதிச் சோதனைக்கு அழைப்பதோ பதினைந்தாம் ஆண்டின் முடிவில். இடையில் எட்டு ஆண்டுகள் கிடக்கின்றன. துரு தன் வேலையை முடிப்பது பெரும்பாலும் அந்த எட்டு ஆண்டுகளில்தான். அக்காலத்தில் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டிய கடமை சட்டப்படி எவருக்கும் இல்லை.

குழாயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பொருளை அறியாமல் கொள்கை பேசுவது நம் துறைகளில் பழகிப்போன குறை. பெரும்பாலான கார்களில் பிரேக் குழாயின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர். சுவரின் தடிமன் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பால் இணைத்து இதைச் செய்கிறார்கள். மேலே துத்தநாகம் அல்லது துத்தநாக அலுமினியக் கலவை பூசப்படுகிறது. சிலவற்றில் அதற்கும் மேலே நைலான் உறை உண்டு. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தத்தைப் பிரேக் திரவம் இக்குழாய்களின் வழியே சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. அவசரமாக ஓங்கி மிதிக்கும் கணத்தில் அந்த அழுத்தம் 100 பார் அளவையும் எட்டும். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்கு.

இந்த எண்ணிலிருந்து ஒரு கசப்பான உண்மை பிறக்கிறது. துருவால் நலிந்த குழாய், சிக்னலில் மெல்ல நிறுத்தும்போதும் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதும் தாங்கிக்கொள்ளும். குழந்தை ஒன்று சாலையில் குறுக்கே ஓடிவரும்போது, முழு வலிமையோடு மிதிக்கும் அந்தக் கணத்தில்தான் அது வெடிக்கும். எந்தத் தருணத்திற்காகப் பிரேக் இருக்கிறதோ அந்தத் தருணத்தையே இந்தப் பழுது தேர்ந்தெடுக்கிறது. நேற்றுவரை நன்றாகத்தான் பிடித்தது என்று ஓட்டுநர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு குழாய் போனால் இன்னொன்று காக்கும் என்பது பொறியாளர்களின் பதில். இன்றைய கார்களில் பிரேக் அமைப்பு இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது உண்மை. ஒரு சுற்று செயலிழந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஆனால் மிதி பள்ளத்தில் கால் வைத்தாற்போல் ஆழமாக இறங்கும், வண்டி நிற்கும் தொலைவு வெகுவாக நீளும். இதைவிட முக்கியமான வேறொன்று உண்டு. ஒன்று தவறினால் மற்றொன்று என்ற கணக்கு, இரண்டும் ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. நிகழ்தகவு படித்த எவருக்கும் இது தெரியும். இங்கே குழாய்கள் அருகருகே ஓடுகின்றன. ஒரே நாளில் பொருத்தப்பட்டவை. ஒரே சேற்றையும் ஒரே உப்பையும் குடித்தவை. ஒன்று வெடிக்கும் நிலையில் இருந்தால் அடுத்ததும் அந்நிலைக்கு நெருங்கியிருக்கும்.

துரு எங்கே பிடிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நேரான பகுதிகள் பல ஆண்டுகள் நல்ல நிலையில் இருக்கும். குழாயைத் தளத்தோடு இறுக்கும் பிளாஸ்டிக் கவ்விகளின் உட்புறம், பெட்ரோல் தொட்டியின் மேற்பகுதி, மூடுதகடுகளின் மடிப்பு ஆகிய இடங்களில் ஈர மண் தங்குகிறது. அந்த இடுக்குகளில் உப்பின் குளோரைடு அயனிகள் சேர்கின்றன; உயிர்வளி குறைந்த இடுக்கு நேர்மின்வாயாக மாறி உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. சுருங்கச் சொன்னால், வண்டியைக் குனிந்து பார்க்கும் உரிமையாளருக்கு அந்த இடம் தெரியாது. வண்டியைத் தூக்கி, தேவையானால் மூடிகளைக் கழற்றிப் பார்ப்பவருக்கே தெரியும்.

இந்தப் பழுது பொதுவிவாதத்திற்கு வந்த நாடு அமெரிக்கா. அங்கே வடகிழக்கு, நடுமேற்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த வட்டாரத்திற்கே உப்பு வளையம் என்று பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பழைய பிக்கப் வண்டிகளில் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து வெடிப்பதாக 2010ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் மனு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது முறையான பொறியியல் ஆய்வாக உயர்த்தப்பட்டது. உரிமையாளர்களிடமிருந்து புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஏறத்தாழ 50 லட்சம் வண்டிகளைத் தொட்ட அந்த ஆய்வு 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. வண்டிகளைத் திரும்பப் பெறும் ஆணை பிறக்கவில்லை.

ஏன்? இது உற்பத்திக் குறைபாடு அன்று, ஆயுள் முடியும் கட்டத்தில் வரும் தேய்மானம். இதே வயதுடைய பிற நிறுவன வண்டிகளிலும் காணப்படுகிறது. இவ்வாறு நிர்வாகம் முடிவு செய்தது. கூடவே உரிமையாளர்களுக்கு ஓர் அறிவுரையும் வெளியிட்டது. குளிர்காலத்தில் வண்டியின் அடிப்பகுதியை அடிக்கடி கழுவுங்கள். குழாய்களை முறையாகச் சோதியுங்கள். துரு முற்றியிருந்தால் துண்டாக ஒட்டாமல் குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள். அறிவுரையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒரே நாளில், ஒரே ஆவணத்தால், ஒரு பொறியியல் பொறுப்பு வீட்டுக் கடமையாக மாறிவிட்டது. புகார் அளித்தவர் மனுதாரராக உள்ளே சென்று, வண்டியைக் கழுவத் தவறியவராக வெளியே வந்தார்.

'குறைபாடு', 'தேய்மானம்' என்ற இரு சொற்களுக்கு இடையே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் இங்கே முழு வழக்கும். பிரேக் பட்டை தேய்கிறது. அது தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. தேய்ந்தால் கீச்சென்று ஒலி எழுப்பி எச்சரிக்கும் அமைப்பும் அதில் உண்டு. சர்வீஸ் அட்டவணையில் அதற்கென ஒரு வரி இருக்கிறது. அது தேய்மானம். பிரேக் குழாய் தேய்வதற்காகச் செய்யப்பட்டதன்று. வண்டி ஓடும் காலம் முழுவதும் அது தாங்கும் என்றே எவரும் எண்ணுவர். எச்சரிக்காமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உயிரைக் காக்க வேண்டிய கணத்தில் உடையும் உறுப்பைத் தேய்மானப் பட்டியலில் சேர்ப்பது சொற்பொருளை வளைப்பதாகும்.

துரு இயற்கை, இயற்கையின்மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்பவர்கள் ஒரு செய்தியை அறிய வேண்டும். வோல்வோ நிறுவனம் 1976 முதலே தன் கார்களில் செம்பு நிக்கல் உலோகக் கலவையாலான பிரேக் குழாய்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. உப்புநீரைத் தாங்கும் உலோகம் அது; கப்பல்களிலும் கடல்நீர்க் குழாய்களிலும் நெடுங்காலமாகப் பழகியது. எஃகைவிட விலை அதிகம். ஆகவே எந்த உலோகம், எந்தப் பூச்சு, எவ்வளவு தடிமன் என்பவை அனைத்தும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த மனிதர்கள் எடுத்த முடிவுகள். துருவின் வேகம் இயற்கையுடையது. அந்த வேகத்திற்கு எதிராக எத்தனை ஆண்டுக் காப்பை வாங்குவது என்பது நிறுவனத்தின் கணக்கு.

இனி இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். வண்டிகள் திரும்பப் பெறப்பட்டால் மட்டும் போதுமா? சுபாரு நிறுவனத்தின் நிகழ்வு இதற்கு நல்ல பாடம். 2014 ஜூலையில் அந்நிறுவனம் அமெரிக்காவில் 6,60,000க்கும் மேற்பட்ட கார்களைப் பிரேக் குழாய்த் துருவுக்காகத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் தொட்டியின் காப்புறையில் உள்ள இடைவெளி வழியாக உப்புநீர் தெறித்துக் குழாய்களை அரிப்பதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதாவது துருவுக்கு வடிவமைப்பிலேயே ஒரு வாசல் இருந்தது. அங்கே தேய்மானம் என்ற சொல் எழவில்லை. குறைபாடு என்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. இதை ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

ஆனால் அளிக்கப்பட்ட தீர்வு என்ன? குழாயைச் சோதிப்பது, கசிவில்லையென்றால் துருத்தடுப்பு மெழுகைப் பூசி அனுப்புவது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, செய்த திருத்தம் போதாதென்று அவற்றில் ஏறத்தாழ 2 லட்சம் கார்களை நிறுவனம் மீண்டும் அழைக்க நேர்ந்தது. முதல் அழைப்பை ஏற்று வண்டியைக் கொண்டுசென்று, வேலை முடிந்ததென்று கையெழுத்திட்டுத் திரும்பிய குடும்பங்களே மறுபடியும் கடிதம் பெற்றன.

இந்த இரண்டாம் அழைப்புக்காக அந்நிறுவனத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. தன் திருத்தம் போதவில்லை என்பதைக் கண்டு அறிவித்தது. அதையும் செய்யாத இடங்களைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். இந்நிகழ்வு காட்டும் பொதுவான பலவீனங்கள் மூன்று.

முதலாவது, கணக்கிடும் முறை. திரும்பப் பெறும் நடவடிக்கையின் வெற்றி, எத்தனை வண்டிகள் வந்து சென்றன என்ற எண்ணால் அளக்கப்படுகிறது. எத்தனை குழாய்கள் நல்ல நிலையில் உள்ளன என்பதால் அன்று. மெழுகு பூசிய நாளில் பதிவேட்டில் "முடிந்தது" என்று எழுதப்படுகிறது. மூன்று குளிர்காலங்களுக்குப் பின் அதே குழாய் வெடித்தாலும் பதிவேடு மாறாது. அந்த வண்டியை வாங்க வருபவர் அடிச்சட்ட எண்ணை இட்டுத் தேடினால், நிலுவையில் திருத்தம் ஏதுமில்லை என்ற விடையே கிடைக்கும். அரைகுறைத் திருத்தம், திருத்தமே இல்லாததைவிட ஒருவகையில் ஆபத்தானது. அது சந்தேகத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

இரண்டாவது, நிலவியல் எல்லை. அமெரிக்காவில் இத்தகைய அழைப்புகள் பெரும்பாலும் உப்பு வளையத்தின் 20 மாநிலங்களுக்கும் தலைநகர்ப் பகுதிக்கும் மட்டும் பொருந்துமாறு வரையப்படுகின்றன. செலவைக் குறைக்கும் வழி இது. கார் நகரும் பொருள் என்பதை இந்த வரைகோடு போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை. பத்து ஆண்டு உப்பில் நனைந்த வண்டி கைமாறித் தென்மாநிலத்திற்குப் போகலாம். துரு எல்லை தாண்டும்போது விடைபெறுவதில்லை.

மூன்றாவது, முகவரி. வயதான வண்டி இரண்டு மூன்று கைகள் மாறியிருக்கும். நிறுவனத்தின் ஏட்டில் இருப்பது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரி. இப்போது ஓட்டுபவரோ குறைந்த வருமானமுடையவர். அதிகாரப்பூர்வ சர்வீஸ் நிலையத்தின் வாசலை மிதித்தறியாதவர். அழைப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவரிடம் அது போய்ச் சேரும் வாய்ப்பு மிகக் குறைவு.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எல்லாப் பொருளும் மூப்படையும். மூப்புக்கெல்லாம் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கினால் தொழில் நடக்குமா? நியாயமான கேள்விதான். ஆனால் மூப்பையே குறைபாடாகக் கொண்ட முன்மாதிரி ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வு மூடப்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே, அதே நிர்வாகத்தின் கையால் உருவாயிற்று. தகாதா காற்றுப்பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விபத்தின்போது உறையையே வெடிக்கச் செய்து உலோகச் சில்லுகளைப் பயணிகள்மேல் எறிந்தது. புதிதாக இருந்தபோது அவை ஒழுங்காகவே வேலை செய்தன. 2015 மே மாதத்தில், 3.38 கோடி என்று மதிப்பிடப்பட்ட காற்றுப்பைகள் குறைபாடுடையவை என்று தகாதா ஒப்புக்கொண்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. இந்தியாவிலும் ஹோண்டா முதலிய நிறுவனங்கள் தகாதா காற்றுப்பைகளுக்காகத் தம் பழைய கார்களைத் திரும்ப அழைத்தன.

தட்பவெப்பத்தால் மெல்ல நலிவது, ஆண்டுகள் கழித்து வெளிப்படுவது, உரிமையாளரால் காண முடியாதது, காக்க வேண்டிய கணத்தில் கைவிடுவது ஆகிய நான்கும் இரண்டு பழுதுகளுக்கும் பொது. காற்றுப்பையை உரிமையாளர் கழுவிப் பராமரிக்க முடியாது. குழாயைக் கழுவலாம் என்பது ஒன்றே வேறுபாடு. தொட்டிக்கு மேலே கவ்விக்குள் இருக்கும் அரை அங்குல இடுக்கைக் கழுவச் சொல்வது எத்தகைய பராமரிப்பு என்பதை வாசகர்களின் முடிவுக்கு விடுகிறேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் நெடுங்காலம் திரும்பப் பெறுதல் நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது. 2012இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தன்னார்வ நெறிமுறை ஒன்றை வகுத்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அப்பிரிவு நன்றாக எழுதப்பட்டது. உரிமையாளர்களின் குறிப்பிட்ட விழுக்காட்டினர் புகார் அளித்தாலோ, சோதனை நிறுவனம் தெரிவித்தாலோ, வேறெந்த வழியில் தெரியவந்தாலோ அரசு செயல்படலாம். வண்டியின் வயது பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை.

வயது நுழைந்தது 2021இல் வந்த விதிகளில். ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே கட்டாயத் திரும்பப் பெறுதல் பொருந்தும் என்று அவை வரையறுத்தன. புகார்களின் எண்ணிக்கை, ஆண்டு விற்பனைக்கேற்ற ஒரு வரம்பை எட்ட வேண்டும் என்றும் சொல்லின. தண்டத்தொகை 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

இந்த அமைப்பு ஒருவகைப் பழுதுக்குப் பொருத்தமானது. 2022இல் மாருதி சுசுகி, பின் பிரேக் அமைப்பிலுள்ள ஒரு முளையில் குறை இருக்கலாமென்று, ஆகஸ்டு தொடக்கம் முதல் செப்டம்பர் முதல் நாள் வரை தயாரான 9,925 கார்களைத் தானே முன்வந்து அழைத்தது. தொகுதி தெரியும், நாள் தெரியும், வண்டிகள் புதியவை, முகவரிகள் கையில் உள்ளன. இது தொழிற்சாலைத் தவறு. சில வாரங்களிலேயே முகம் காட்டிவிடும். துருவோ இந்த நாட்காட்டிக்குக் கட்டுப்படாது. சுபாருவின் வழக்கில் கசிவு தோன்ற ஏழு குளிர்காலங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம் என்று கணிக்கப்பட்டது. அதே குழாய் இந்தியக் காரில் இருந்திருந்தால், பழுது வெளிப்படும் நாளும் விதியின் கதவு மூடும் நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கும்.

நம் சாலைகளில் உப்புக் கொட்டுவதில்லையே என்று கேட்கலாம். நமக்கு 7,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை இருக்கிறது. மும்பை, சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி என மக்கள் நெருங்கி வாழும் நகரங்கள் கடற்காற்றில் நிற்கின்றன. அதற்குமேல் நான்கு மாதச் சேற்று மழை. உலோக அரிப்பு இந்நாட்டிற்குப் புதிய அறிவும் அன்று. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தையும் தயாரித்திருக்கிறது. எந்த ஊரில் எஃகு எவ்வளவு விரைவில் அரிக்கும் என்ற அறிவு ஓர் அரசு நிறுவனத்தில் உள்ளது. எந்த வயதில் காரைச் சோதிக்க வேண்டும் என்ற முடிவு இன்னோர் அரசுத் துறையில் உள்ளது. ஏழு என்ற எண் எந்த உலோகத்தின் அரிப்பு வீதத்தையும் சார்ந்து நிற்கவில்லை.

அடுத்து, சோதனை. வாடகை வண்டிக்கும் லாரிக்கும் எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வேண்டும். தனியார் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கும்போதுதான் முதல் சோதனை. இடையில் கட்டாயமானது புகைச் சான்று ஒன்றே. கார் வெளியிடும் புகையை அரசு பலமுறை முகர்ந்து பார்க்கிறது. அதன் பிரேக்கை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்ப்பதில்லை.

பிரிட்டனில் மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் சோதனை உண்டு. பிரேக் குழாயின் சுவர் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டிருந்தால் வண்டியை நிராகரிக்க வேண்டும் என்று சோதகர்களின் கையேடு சொல்கிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கிறார்கள். அந்நாடுகளில் திரும்பப் பெறும் விதி ஓரிடத்தில் தவறினாலும் காலமுறைச் சோதனை அதைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஆண்டுச் சோதனை இல்லை. ஆனால் திரும்பப் பெறப்பட்ட வண்டிக்குப் பதினைந்து ஆண்டு வரை இலவசத் திருத்தம் என்று 2015இல் சட்டம் நீட்டப்பட்டது. நம்மிடம் இரண்டு வலைகளுமே ஏழுக்கும் பதினைந்துக்கும் இடையே கிழிந்திருக்கின்றன.

அந்த இடைவெளியில் விழுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் கைமாறும் பழைய கார்களின் எண்ணிக்கை, விற்பனையாகும் புதிய கார்களைவிட அதிகம். ஏழு வயதைக் கடந்த காரை ஓட்டுபவர் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் உரிமையாளர்: முதன்முதலாகக் கார் வாங்கிய குடும்பம், சிறுவணிகர், ஆசிரியர், நம்மில் பலரையும் போன்ற ஆய்வு உதவித்தொகைக்காரர். அவர் செல்லும் ஒர்க்‌ஷாப்பில், துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புதிய துண்டை இணைப்பது மலிவான வழி. அந்த இணைப்புக்கு இருபுறமும் அதே வயதுடைய பழைய குழாய் தொடர்கிறது. நிறுவனத்தின் அரைகுறைத் திருத்தமும் தெருமுனையின் அரைகுறைத் திருத்தமும் ஒரே தர்க்கத்தில் பிறந்தவை: கசிந்த இடம்தான் பழுது, கசியாத இடம் நலம் என்பது அது. மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வதில் பொருளில்லை. முழுக் குழாயையும் மாற்றும் செலவைத் தன்னால் ஏற்க முடியாத வாடிக்கையாளர் அவர் முன் நிற்கிறார்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை இறப்புகளை வாகனத்தின் வயது வாரியாகவும் பிரித்துத் தருகிறது. ஆனால் பத்து வயதுக் காரில் எந்த உறுப்பு எதனால் தவறியது என்பதை அந்த அட்டவணையிலிருந்து அறிய இயலாது. விபத்துக்குள்ளான வண்டியைப் பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் குறிப்பு வழக்குக் கோப்பில் அடங்கிவிடுகிறது. எண்ணப்படாத பழுது புகாராகத் திரள்வதில்லை. புகாராகத் திரளாதது விதியின் வரம்பை எட்டுவதில்லை. வரம்பை எட்டாதது குறைபாடாக ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. பின்னர் அந்தச் செய்தித்தொடர் மட்டும் எஞ்சுகிறது: பிரேக் பிடிக்காததால்.

என்ன செய்யலாம்? நான்கு மாற்றங்களை முன்வைக்கிறேன். ஒன்று, பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் குழாய் போன்ற உயிர்காக்கும் உறுப்புகளுக்கேனும் திரும்பப் பெறும் விதியின் வயது வரம்பு ஏழிலிருந்து பதினைந்தாக உயர வேண்டும். ஒரு காரைப் பதினைந்து ஆண்டு ஓட்ட அரசு பதிவு தருமானால், அந்தப் பதினைந்து ஆண்டும் அதன் பாதுகாப்பு குறித்த கேள்விக்கு உற்பத்தியாளர் விடையளிக்க வேண்டும். சட்டத்தைத் திருத்தவேண்டியதில்லை, விதியைத் திருத்தினால் போதும். இரண்டு, எட்டாம் ஆண்டில் ஒருமுறையும் பன்னிரண்டாம் ஆண்டில் ஒருமுறையும் தனியார் கார்களுக்குப் பிரேக் சோதனை. கடலோர மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே பதிவாகி உள்நாட்டுக்கு விற்கப்பட்ட கார்களுக்கும் அது பொருந்த வேண்டும். மூன்று, துருவுக்கான திருத்தம் பூச்சோடு முடியக்கூடாது. பூசி அனுப்பிய வண்டிகளில் ஒரு கூறெடுத்து, இரண்டாண்டு கழித்துச் சோதித்து, முடிவை வெளியிடும் கடமை நிறுவனத்திற்கு வேண்டும். நான்கு, திரும்பப் பெறும் அழைப்பு முதல் வாங்கியவரோடு நின்றுவிடாமல், வாகன் பதிவேட்டில் உள்ள இன்றைய உரிமையாளருக்குச் செல்ல வேண்டும். பெயர் மாற்றத்தின்போது நிலுவைத் திருத்தம் ஆர்.சி. புத்தகத்திலேயே தெரிய வேண்டும்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானதே; சோதனைக் கட்டணம் அந்த மூன்றாம் உரிமையாளரின் பையிலிருந்துதான் போகும். ஆகவே சோதனை எளிமையாக, பிரேக்கையும் குழாயையும் மட்டும் பார்ப்பதாக, குறைந்த கட்டணத்தில் இருக்க வேண்டும். வடிவமைப்பின் குறை தெரியவந்தால் மாற்றும் செலவு நிறுவனத்தைச் சேர வேண்டும். செலவு இப்போதும் இருக்கிறது. அது மருத்துவமனைக் கட்டணமாகவும் இழப்பீட்டு வழக்காகவும் வேறு தலைப்பில் எழுதப்படுகிறது.

இறுதியாக, இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும். இது நம் துறைகளின் எல்லையில் விழுந்து கிடக்கும் சிக்கல். உலோகவியலாளர் அரிப்பு வீதத்தை அளக்கிறார். சட்டம் படிப்பவர் 110ஏ பிரிவைப் படிக்கிறார். பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை ஆராய்கிறார். மூவரும் ஒரே மேசையில் அமரவேண்டிய தலைப்பு இது. வாகனப் பொறியியல் துறை உள்ள கல்லூரிகள், ஒர்க்‌ஷாப்புகளில் கழற்றி எறியப்படும் பழைய பிரேக் குழாய்களைச் சேகரித்து, வயது, ஊர், அரித்த இடம், எஞ்சிய தடிமன் ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். நுண்ணோக்கியும் ஓர் அளவுகோலும் போதும். முதுகலை ஆய்வேடு ஒன்றுக்குப் பொருத்தமான பணி. சட்ட மாணவர்கள், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு மத்திய ஆணையத்திற்கு ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறவைக்கும் அதிகாரம் அளிப்பதைக் கவனிக்கலாம். ஏழாண்டு எல்லையைத் தாண்டிச் செல்லும் பாதை அங்கே இருக்கக்கூடும்.

ஏழு வயதைக் கடந்த கார் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த சர்வீசின்போது வண்டியைத் தூக்கிவைத்துப் பெட்ரோல் தொட்டியை ஒட்டிய பகுதியையும் கவ்விகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் திரவம் குறைந்துகொண்டே வந்தால், ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள்; அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. துருப்பிடித்திருந்தால் குழாயை முழுமையாக மாற்றுங்கள். பழைய துண்டைத் தூக்கி எறியாமல், நீளவாக்கில் அறுத்து, எஞ்சிய சுவரை அளந்து, வண்டியின் வயதோடும் ஊரோடும் இங்கே எழுதுங்கள். அத்தகைய நூறு அளவுகள் சேர்ந்தால், விதியில் உள்ள அந்த ஏழு என்ற எண்ணைக் கேள்வி கேட்க நம்மிடம் முதல் சான்று இருக்கும்.